வலையை விடுதலும் சிலுவையைச் சுமத்தலும்: வடசென்னைக் கடற்கரையை முன்வைத்துச் சீடத்துவமும் தியாகமும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவச் சீடத்துவம் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் ‘எவ்வளவு துறந்தார்’ என்னும் வினாவைக் கொண்டே சீடரை அளந்து வந்துள்ளன. இக்கட்டுரை ‘அத்துறவின் விலையைக் கொடுத்தவர் யார்’ என்னும் வினாவை முன்வைக்கிறது. நற்செய்தி நூல்கள் காட்டும் இராயப்பரின் வாழ்வு, திருவொற்றியூரோடு தொடர்புடைய பட்டினத்தார், கலிய நாயனார் ஆகியோரின் வரலாறுகள், இராயபுரத்துப் படகோட்டிகளின் ஆலயப் பணி, ஹெச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், வடசென்னையில் நிகழ்ந்த மருத்துவ, தொழிற்சங்கப் பணிகள் ஆகியன இங்கு ஒப்புநோக்கப்பெறுகின்றன. துறத்தல், சுமத்தல், இழத்தல் ஆகிய மூன்றும் வேறுவேறு என்பதும், அவற்றை ஒன்றாக்கி நோக்குவது சீடத்துவத்தின் பொருளைச் சிதைக்கும் என்பதும் நிறுவப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: சீடத்துவம், தியாகம், துறவு, இராயபுரம், திருவொற்றியூர், இரட்சணிய யாத்திரிகம், படகோட்டிகள்

முன்னுரை

வடசென்னையின் ஊர்ப்பெயர்களுள் இராயபுரம் தனித்து நோக்கத்தக்கது. இயேசுவின் முதற்சீடருள் ஒருவராகிய பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்க மரபு ‘இராயப்பர்’ என வழங்கியது. அப்பெயரால் அமைந்த குடியிருப்பு இராயபுரம் ஆயிற்று. கடல்தொழில் செய்தோர் கடல்தொழில் செய்த ஒரு சீடரின் பெயரைத் தம் ஊருக்கு இட்டுக்கொண்டனர் என்பது இயல்பானதாகவே தோன்றும். ஆயினும் இதனுள் ஒரு முரண் உள்ளது. இராயப்பர் தம் வலையையும் படகையும் விட்டுச் சீடரானவர். அவர் பெயரைச் சூடிய இராயபுரத்தார் படகை விடாமலேயே அவரைப் பின்பற்றியவர்கள்.

இம்முரண் சீடத்துவம் பற்றிய ஓர் அடிப்படைச் சிக்கலை எழுப்புகிறது. துறவு என்பது துறப்பதற்கு ஏதேனும் உடைமையாளரிடம் இருத்தலை முன்கொள்வது. நாட்கூலியன்றி வேறு உடைமை இல்லாதவர் எதனைத் துறப்பார்? அவரது தியாகத்தை எவ்வாறு அளப்பது? ஒருவர் துறக்கும்போது அவரைச் சார்ந்தோர்க்கு நேர்வதை எக்கணக்கில் சேர்ப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

நற்செய்தி நூல்களின் கிரேக்க மூலத்தில் சீடரைக் குறிக்கும் ‘மத்தேத்தேஸ்’ என்னும் சொல்லுக்குக் ‘கற்பவர்’ என்பதே பொருள். அப்பொருளுக்கு நிகராகத் தமிழில் ‘மாணாக்கர்’ என்னும் சொல் உண்டு. நன்னூற் பாயிரம் மாணாக்கர் இலக்கணத்தை விரித்துரைக்கிறது. எனினும் விவிலியத் தமிழில் நிலைபெற்றது வடமொழி ‘சிஷ்ய’ என்பதன் வழிவந்த சொல்லேயாம். சீர்திருத்தத் திருச்சபையார் ‘சீஷர்’ எனவும் கத்தோலிக்கர் ‘சீடர்’ எனவும் அதனை வழங்கினர்.

மாணாக்கர் நூலைக் கற்பவர். சீடரோ ஆசிரியரோடு வாழ்ந்து, அவர் சென்ற வழியில் செல்பவர். இயேசு தம்மைச் சார்ந்தோரைப் பின்தொடருமாறு அழைத்தாரேயன்றி, ஒரு நூலைப் பயிலுமாறு அழைத்தாரல்லர். இந்நோக்கில் சீடர் என்னும் சொல் பொருத்தமானதே. ஆயினும் இச்சொல் தமிழ்ச் சூழலில் குருகுல வாழ்வையும் துறவுநெறியையும் உடன்கொணர்ந்தது. அதனால் இல்லறத்தானும் உழைப்பாளியும் சீடராதல் இரண்டாம் நிலையினது என்னும் எண்ணத்திற்கும் இடமுண்டாயிற்று. சைவ மரபின் ‘அடியார்’ என்னும் சொல்லில் இத்தடை இல்லை. குயவர், வண்ணார், பரதவர் எனப் பல தொழிலோரும் தத்தம் தொழிலில் நின்றே அடியார் எனப்பெற்றமையைப் பெரியபுராணம் காட்டுகிறது.

நற்செய்தியில் இராயப்பர்

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் சீமோனும் அந்திரேயாவும் வலையை விட்டு இயேசுவைப் பின்சென்றதைக் கூறுகிறது. அடுத்து யாக்கோபும் யோவானும் தம் தந்தை செபதேயுவைப் படகில் விட்டுச் சென்றனர். இங்கு மாற்கு மட்டும் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். செபதேயு தனித்து விடப்படவில்லை. கூலியாட்கள் அவரோடு இருந்தனர். முதுமையுற்ற தந்தையின் தொழில் நின்றுவிடவில்லை என்பதை இக்குறிப்பால் அறியலாம்.

அதே அதிகாரத்தில், வலையை விட்ட சீமோனின் வீட்டிற்கே இயேசு செல்கிறார். அங்குக் காய்ச்சலுற்றுக் கிடந்த சீமோனின் மாமியாரைக் குணப்படுத்துகிறார். பிற்காலத்தில் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடல், கேபா எனப்பெற்ற பேதுரு தம் மனைவியுடன் பயணம் செய்தமையைச் சுட்டுகிறது. எனவே வலையை விடுதல் என்பது வீட்டாரைக் கைவிடுதல் எனப் பொருள்படவில்லை.

இக்கருத்துக்கு வலுவூட்டும் பகுதி மாற்கு ஏழாம் அதிகாரத்தில் உள்ள ‘கொர்பான்’ பற்றிய உரையாடலாகும். பெற்றோர்க்குப் பயன்பட வேண்டிய பொருளைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகக் கூறி அவர்களைக் கைவிடும் வழக்கத்தை இயேசு கடிந்துரைக்கிறார். பிறர்க்கு உரியதைத் தன் காணிக்கையாக்குதல் தியாகமன்று என்பது இதன் உட்பொருள். மறுபுறம் லூக்கா பதினான்காம் அதிகாரம் குடும்ப உறவினும் சீடத்துவத்தை மேலாக வைக்கிறது. கோபுரம் கட்டுவோன் முன்னரே செலவைக் கணக்கிடுவதுபோலச் சீடராக விரும்புவோரும் விலையைக் கணக்கிட வேண்டும் என்கிறது. இவ்விரு பகுதிகளையும் இணைத்துக் காணும்போது, முதன்மை எதற்கு என்பது ஒரு வினா எனவும், அம்முதன்மையின் சுமை யார்மேல் விழுகிறது என்பது மற்றொரு வினா எனவும் புலனாகும்.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் பேதுரு மீண்டும் மீன்பிடிக்கச் செல்கிறார். ஒருமுறை வலையை விட்டதால் சீடத்துவம் நிறைவெய்திவிடவில்லை. மும்முறை மறுதலித்தவர் மும்முறை அன்பை அறிக்கையிடுகிறார். அதன்பின் பிறரைப் பேணும் பொறுப்பு அவர்மேல் சுமத்தப்பெறுகிறது. விடுதலில் தொடங்கியது சுமத்தலில் முதிர்கிறது.

திருவொற்றியூர் மரபு: பட்டினத்தாரும் கலியரும்

இராயபுரத்திற்கு வடக்கே அமைந்த திருவொற்றியூர், தியாகம் பற்றிய இருவேறு தமிழ்ப் படிமங்களைத் தன்னகத்தே கொண்டது. ஒன்று, கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்து அனைத்தையும் துறந்தவர் என மரபு அவரைப் போற்றும். அவ்வளவு துறந்தவரும் தாயின் ஈமக்கடனைத் துறக்கவில்லை என்பதை அவரது வரலாறு அழுத்தமாகச் சொல்கிறது. செல்வத்தைத் துறக்கலாம், பெற்றவளுக்குரிய கடனைத் துறத்தலாகாது என்னும் வரம்பு இங்கு இடப்பெற்றுள்ளது.

மற்றொன்று, திருவொற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த கலிய நாயனார். செக்குத் தொழில் செய்த அவர் கோயிலில் விளக்கேற்றும் பணியை மேற்கொண்டார். செல்வம் கரைந்தபோது பிறரிடம் எண்ணெய் பெற்று விற்றும், பின்னர்ச் செக்கில் கூலிக்கு உழைத்தும் பணியைத் தொடர்ந்தார். அதுவும் இயலாதபோது தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தார். இறைவன் அவர் கையைத் தடுத்தார். தொழிலை விடாமல் தொழிலின் வழியாகவே தியாகம் நிகழ்வதற்கு இது தலைசிறந்த எடுத்துக்காட்டு.

எனினும் இவ்வரலாற்றில் இன்றைய வாசகரை உறுத்தும் நிகழ்வு ஒன்றுண்டு. குருதியைத் தரத் துணிவதற்கு முன் கலியர் தம் மனைவியை விற்க முற்பட்டார், வாங்குவார் எவருமிலர். தன் உழைப்பைத் தருதல், தன் உயிரைத் தருதல், பிறிதோர் உயிரை விலைபேசுதல் ஆகிய மூன்றையும் ஒரே பக்தியின் படிநிலைகளாக மரபு காண்கிறது. முதலிரண்டும் தம்மைத் தருதல். மூன்றாவதில் விலையாவது மற்றொருவரின் வாழ்வு. அம்மனைவியின் கூற்றாக அவ்விடத்தில் ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. நற்செய்தியின் கொர்பான் உரையாடல் எழுப்பும் அதே வினா இங்கும் எழுகிறது. இவ்வொப்புமை ஒரு சமயத்தை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்கன்று. எல்லாச் சமயத் தியாக வரலாறுகளிலும் விடைகாண வேண்டிய பொது வினா இது என்பதைக் காட்டவே ஈண்டுச் சுட்டப்பெற்றது.

இராயபுரத்துப் படகோட்டிகள்

செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன்னர்ச் சென்னைக் கடற்கரையில் கப்பல்கள் அணைய இயலாது. அவை தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் பயணிகளும் மசூலாப் படகுகளில் கரைசேர்க்கப்பெற்றனர். ஆணி அறையாது பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அப்படகுகள், அலையின் தாக்குதலுக்கு நெகிழ்ந்து கொடுத்தன. கவிழ்ந்தவர்களை மீட்கக் கட்டுமரங்களில் ஆட்கள் உடன்செல்வதும் உண்டு. சென்னையின் கடல்வணிகம் முழுவதும் இவ்வுழைப்பாளிகளின் தோள்வலியைச் சார்ந்திருந்தது. கோட்டையை அடுத்த பகுதியில் வாழ்ந்த கத்தோலிக்கப் படகோட்டிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வடக்கே குடியமர்த்தப்பெற்றனர். அவர்களது உழைப்பின் பொதுநிதியால் 1820களில் எழுந்ததே இராயபுரம் இராயப்பர் ஆலயம்.

ஒவ்வொரு நடையிலும் உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய கூலியின் ஒரு பகுதி ஆலயமாக உருப்பெற்றது. இது பெருஞ்செல்வர் ஒருவரின் கொடை அன்று. ஒருவர் அனைத்தையும் விட்டு வெளியேறிய துறவும் அன்று. பலர் சிறிது சிறிதாகத் தந்தது. இயேசு ஆலயத்தில் கண்டு வியந்த ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளோடு இதனை ஒப்பிடலாம். சுமை ஒருவர் குடும்பத்தின்மேல் மட்டும் விழாமல் சமூகம் முழுவதிலும் பகிர்ந்துகொள்ளப்பட்டமை இதன் சிறப்பு. சைவ மரபில் இதற்கு நெருங்கிய உறவு பட்டினத்தாரிடத்தில் இல்லை. செக்கை விடாமல் விளக்கேற்றிய கலியரிடத்திலேயே உள்ளது.

இத்தியாகத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. ஆலயத்தின் உரிமை, குருக்களின் அதிகாரம் ஆகியன குறித்துப் படகோட்டிகள் கும்பெனி அரசுக்கு மனுக்கள் அளித்துப் போராடினர். தந்தவர் தந்ததன்மேல் உரிமை கோருதல் தியாகத்திற்கு இழுக்கு எனச் சிலர் கருதலாம். ஆனால் உடைமையற்ற ஒரு சமூகம் தன் உழைப்பால் எழுந்த ஆலயத்தைத் தனதெனக் கூறுவது, தன் மாண்பை நிலைநாட்டும் செயலுமாகும். உரிமைக்குரல் எங்கே மாண்பைக் காக்கிறது, எங்கே பிறரை விலக்கும் வேலியாகிறது என்பதைப் பகுத்துக் காண்பதே ஆய்வாளர் செய்யத்தக்கது.

1875ஐ ஒட்டித் தொடங்கிய துறைமுகப் பணி 1881 நவம்பர் புயலில் பெருஞ்சேதமுற்றுப் பின்னர் மீண்டும் நிறைவேறியது. துறைமுகம் நிலைபெற, மசூலாப் படகுத் தொழில் மறைந்தது. படகோட்டிகள் படகை விட நேர்ந்தது. அதற்குக் காரணம் அழைப்பு அன்று, பொறியியல்.

வெளியேறிய மாணவரும் பயணக் காப்பியமும்

படகோட்டிகள் சமூகமாக நின்று சீடத்துவத்தை வாழ்ந்தனர். அவர்களுக்கு அருகிலேயே, கருப்பர் நகரத்து அர்மீனியன் தெருவில், சமூகத்தை விட்டு வெளியேறிய சீடத்துவம் நிகழ்ந்தது. ஸ்காத்லாந்துத் திருச்சபையின் ஜான் ஆண்டர்சன் 1837இல் அங்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவரை நீக்குமாறு எழுந்த கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. 1841இல் இராஜகோபால், வெங்கடராமையா என்னும் இரு மாணவர்கள் திருமுழுக்குப் பெற்றபோது பெரும்பாலான மாணவர் பள்ளியை விட்டு நீங்கினர். அவ்விளைஞர்கள் வீட்டையும் குலத்தையும் ஒரே நாளில் இழந்தனர். அவர்களது துணிவு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் மகனை உயிரோடு இழந்ததாகக் கருதிய தாயரின் துயரும் அத்துணிவின் விலையில் ஒரு பகுதியே. மதமாற்ற வரலாறுகள் முதலதை விரித்தும் இரண்டாவதைத் தடையாக மட்டும் காட்டியும் செல்வது வழக்கம்.

இவ்வனுபவத்திற்குக் காப்பிய வடிவம் தந்தவர் ஹெச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900). திருநெல்வேலிச் சீமையின் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பெறும் அவர், ஜான் பனியனின் ‘மோட்சப் பயணம்’ (1678) என்னும் உரைநடை நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றினார். ஆதி, குமாரம், நிதானம், ஆரணியம், இரட்சணியம் என்னும் ஐந்து பருவங்களாக அமைந்த அக்காப்பியம் 1894இல் வெளிவந்தது.

பனியன் கதையின் பயணி, அழிவுநகரை விட்டு மனைவி மக்களைப் பிரிந்து ஓடுகிறான். அவன் முதுகிலுள்ள சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. நற்செய்தியோ சீடர் தம் சிலுவையைச் சுமந்துவர வேண்டும் என்கிறது. ஆக, சிலுவை சுமையை இறக்கும் இடமாகவும் சுமையாகவும் இருவகையில் நிற்கிறது. இறக்கப்படுவது பாவச்சுமை, ஏற்கப்படுவது அன்பின் சுமை. பயணப் படிமம் முதலதை ஒளிரச் செய்யும் அளவுக்கு இரண்டாவதை ஒளிரச் செய்வதில்லை. பயணி பெறுவது தன் மீட்பு. நகரில் எஞ்சியோர் கதைக்கு வெளியே நிற்கின்றனர்.

இக்குறையைப் பனியனே உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. 1684இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில் பயணியின் மனைவியும் மக்களும் அதே பாதையில் செல்கின்றனர். தம் நம்பிக்கைக்காகப் பன்னீராண்டுகள் சிறைப்பட்ட பனியன், பார்வையற்ற தம் மகளைப் பிரிந்த வேதனையைத் தன்வரலாற்றில் மறைக்காது எழுதியவர். தம் தியாகத்தின் விலையை மகளும் கொடுத்தாள் என்பதை அவர் அறிந்திருந்தார். இரட்சணிய யாத்திரிகம் பற்றிய தமிழாய்வுகள் அதன் கம்ப நடையையும் தேவாரப் பாக்களின் உருக்கத்தையும் விரிவாகப் பேசியுள்ளன. எஞ்சியோரின் நிலையிலிருந்து அக்காப்பியத்தை வாசிப்பதும் தேவையாகிறது.

மருத்துவமனையும் தொழிற்சங்கமும்

சுமத்தலாக வெளிப்பட்ட சீடத்துவத்திற்கு வடசென்னையில் இரு சான்றுகள் சுட்டத்தக்கன. ஸ்காத்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் மட்டில்டா மக்ஃபெயில் 1888இல் சென்னையில் பெண்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார். ஆண் மருத்துவரை அணுக இயலாத நிலையில் பல பெண்கள் இருந்த காலம் அது. அப்பணி வளர்ந்து, 1914இல் இராயபுரத்தில் கிறிஸ்டினா ரெய்னியின் பெயர்தாங்கிய மருத்துவமனையாக நிலைகொண்டது. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் மக்ஃபெயில் இந்நகரில் உழைத்தார். இங்கு நாட்டை விட்டது தொடக்கமே. நோயுற்றோரை நாள்தோறும் பேணியதே சீடத்துவத்தின் உள்ளீடு.

மற்றொருவர் வி. சக்கரைச் செட்டியார் (1880–1958). சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1903இல் திருமுழுக்குப் பெற்ற அவர், வழக்கறிஞராகவும் இறையியலாளராகவும் விளங்கினார். பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதை அடுத்து விரிந்த தொழிலாளர் இயக்கத்தில், திரு.வி.க. முதலியோருடன் அவரும் பங்காற்றினார். 1941இல் சென்னை மேயரானார். பின்னர் அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். இயேசுவை அவதாரமாகக் கண்ட அவரது இறையியல், அவ்வவதாரம் வந்து மறைந்த நிகழ்வன்று, இன்றும் தொடர்வது என வாதிட்டது. அவதாரம் தொடர்வதாயின் அதன் சிலுவையும் மனிதரின் துயரில் தொடரும். சக்கரையாரின் இறையியலையும் தொழிற்சங்கப் பணியையும் இருவேறு வாழ்வாகப் பிரிக்காமல் இந்நூலிழையால் இணைத்துக் காணலாம்.

செருமானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் 1937இல் எழுதிய சீடத்துவம் பற்றிய நூலில், விலை கேளாத மலிவான அருளைக் கண்டித்தார். நாசி ஆட்சியை எதிர்த்து 1945இல் தூக்கிலிடப்பெற்றார். பிறர் துன்புறும்போது தன் தூய்மையைக் காத்து ஒதுங்கியிருப்பது சீடத்துவமன்று என்பதை அவர் வாழ்வும் உணர்த்துகிறது.

துறத்தலும் இழத்தலும்

திருவொற்றியூருக்கு வடக்கே, கொசஸ்தலையாறு கடலோடு கூடும் எண்ணூர்க் கழிமுகம், மீனவர் பலரின் வாழ்வாதாரம். அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் சூழ்ந்த அப்பகுதியில் சாம்பற்கழிவு நீர்ப்பரப்பில் கலந்து வருவது நெடுநாளைய சிக்கல். 2023 டிசம்பரில் புயல்வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பரவியபோது வலைகளும் படகுகளும் பாழாயின. அங்கும் மீனவர் வலையை விட்டனர். ஆனால் இராயப்பர் வலையை விட்டதற்கும் இதற்கும் யாதொரு ஒப்புமையும் இல்லை. முன்னது அழைப்புக்குத் தந்த மறுமொழி. பின்னது திணிக்கப்பட்ட இழப்பு.

இவ்வேறுபாடு இன்றியமையாதது. இழந்தவரிடம் அவ்விழப்பையே சிலுவையாக ஏற்றுக்கொள்ளுமாறு கூறுவது, இழக்கச் செய்தவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகும். நற்செய்தி காட்டும் சிலுவை, ஒருவர் அறிந்து தோளில் ஏற்பது. பிறர்மேல் ஏற்றப்பெறும் சுமையைக் குறைக்கத் தோள்கொடுப்பதே சீடரின் கடமை. அச்சுமைக்குத் தியாகம் எனப் பெயரிட்டுப் போற்றுவதன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. ‘சீடர்’ என்னும் சொல் தமிழ்ச் சூழலில் துறவுச் சாயலைப் பெற்றது. அதனால் தொழிலில் நின்றே பின்பற்றியோரின் சீடத்துவம் போதிய கவனம் பெறவில்லை. இராயபுரத்துப் படகோட்டிகளின் வரலாறு இவ்விடைவெளியை நிரப்புகிறது.

2. நற்செய்தியில் வலையை விடுதல் தொடக்கச் செயல். பிறரைப் பேணும் சுமையை ஏற்றலே அதன் முதிர்நிலை.

3. தியாகத்தின் உண்மையை அதன் அளவால் மட்டும் அறிய இயலாது. அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதும் உடன்நோக்கத்தக்கது. தாயின் கடனைத் துறவாத பட்டினத்தாரும், மாமியாரின் காய்ச்சலுக்கு இயேசுவை அழைத்துச் சென்ற இராயப்பரும் இவ்வகையில் ஒரே வரம்பைக் காட்டுகின்றனர்.

4. துறத்தல், சுமத்தல், இழத்தல் ஆகியன தம்முள் வேறானவை. இழத்தலைத் துறத்தலாகக் காட்டும் எந்த விளக்கமும் சீடத்துவத்திற்கு மாறானது.

இராயபுரம் என்னும் பெயரில் தொடக்கத்தில் கண்ட முரண் இவ்வாறு நீங்குகிறது. அலைமேல் பிறர் சுமையைக் கரைசேர்த்து, அக்கூலியில் ஒரு பங்கைப் பொதுவில் வைத்தோர், படகை விட்டவரின் பெயரைத் தாங்கத் தகுதியுடையோரே.